கண்டாக்கு ஐயாவுக்கு ரெண்டு வாழ்த்து மடல்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நோர்வூட்ல பஸ் ஏறி, மேல இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய், நான் எழுதின வாழ்த்து மடலை மேடையில வாசிச்சுட்டு, வடை தின்னு, டீ குடிச்சுட்டு வரணும்.

அவ்வளவுதான் வேலை!

தோட்டத்துப் பேரு வேணாம். அந்தப் பக்கம் நான் இன்னும் போய் வர வேண்டியிருக்கு.

நம்ம பேஜுக்குப் புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். எங்க தோட்டப் பக்கத்துல யாராவது ரிட்டயர் ஆனா சும்மா அனுப்ப மாட்டோம். மாலை போட்டு, பொன்னாடை போத்தி, கண்ணாடி ஃப்ரேம் போட்ட ஒரு பாட்டை மேடையில வாசிச்சுக் கையில கொடுப்போம். கருணையின் குன்றே, கடமையின் சிகரமேன்னு போகும். அதுதான் வாழ்த்து மடல். வாங்கினவரு அதைக் கொண்டுபோய் வீட்டு ஹோல்ல டீவிக்கு மேல மாட்டுவாரு. அதுக்கப்புறம் அதை ஒரு ஈ காக்கா வாசிக்காது.

அந்த யாரும் வாசிக்காத பாட்டைத்தான் நான் வருசக்கணக்கா எழுதிக்கிட்டு இருக்கேன். கேட்டா கண்டென்ட் கிரியேட்டர்னு சொல்லிக்குவேன்.

எனக்கு ஓடர் எடுத்துக் கொடுக்கிறது ஹட்டன்ல பிரிண்டிங் கடை வச்சிருக்கிற மோகன் அண்ணன். ஒருநாள் கடைக்குப் போனப்ப மனுசன் என் முகத்தைப் பாக்காம லெமினேட்டிங் மெசினையே பாத்துக்கிட்டு பேசினாரு.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. இப்ப ஏஐ வந்துருச்சு."

"வந்தா வரட்டும். அதுக்கு என்னா இப்ப?"

"அது ஒரு டீ குடிக்கிற நேரத்துல எழுதிருது. நீங்க நாலு நாள் எடுக்கிறீங்க."

"நான் யோசிச்சு எழுதுறேன் அண்ணே!"

"அதுதான் தங்கச்சி பிரச்சினை. அது யோசிக்கிறதே இல்ல."

சொல்லிட்டு போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. கண்டாக்கு, ஓய்வு, நல்லவர். இந்த மூணு வார்த்தையைத்தான் தட்டியிருக்காரு. அதுக்கு அந்த ஏஐ கொட்டியிருக்கு பாருங்க, அடுக்கடுக்கா! அலைகடலே, கலங்கரை விளக்கே, பனைமர நிழலே, பாலைவனச் சோலையே!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"அண்ணே, நம்ம ஊர்ல எங்க பனைமரம் இருக்கு? கண்டாக்கு ஐயா கடலைப் பாத்தே எத்தனை வருசமோ!"

"கேக்க நல்லா இருக்குல்ல?" அப்படின்னாரு.

விசயம் என்னான்னா, கண்டாக்கு ஐயாங்கிறவரு தோட்டத்து மேனேஜரான தொரைக்குக் கீழ, கொழுந்து எடுக்கிற மலை வேலையை மேற்பார்வை பாக்கிற உத்தியோகத்தரு. அவரு ரிட்டயர் ஆகுறாரு. அவருக்கு ரெண்டு மடல். ஒண்ணு ஒபிஸ் ஸ்டாஃப் கொடுக்கிறது. அதைத்தான் ஏஐ எழுதியாச்சு. இன்னொண்ணு தொழிலாளிங்க கொடுக்கிறது. அவங்க என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்காங்க.

மோகன் அண்ணன் வியாபாரி இல்லியா, அதுலயும் ஒரு கணக்கு வச்சாரு.

"ரெண்டும் ஒரே மேடையில வரும் தங்கச்சி. நானும் வீடியோ எடுக்க வருவேன். உங்களது எடுபட்டா இனி எல்லா ஓடரும் உங்களுக்குத்தான். ஏஐயோடது எடுபட்டா, என்னைத் திட்டக் கூடாது."

"சரி அண்ணே! பாப்போம்!" சொல்லிட்டு கெத்தா படி எறங்கினேன். எறங்கின பெறகுதான் யோசிச்சேன். இந்த ஓடர் போச்சுன்னா நான் திரும்பவும் துணிக்கடையில போய் நிக்கணும். அங்க உக்காரக் கூட விட மாட்டாங்க.

பஸ்ஸுல வரும்போதே போனை எடுத்து தேடினேன். ஏஐ காலத்தில் கண்டென்ட் கிரியேட்டர்கள் ஜெயிப்பது எப்படி? வந்துச்சு ஒரு வீடியோ. நீல லைட்டுக்கு முன்னால ஒரு தம்பி, தலையில பெரிய ஹெட்போன்.

"நண்பர்களே! ஏஐயால உங்க ஊர்ல நடக்க முடியுமா? உங்க ஜனங்களோட உக்காந்து பேச முடியுமா? முடியாது! அதனால உண்மையை எழுதுங்க! ஜனங்க உண்மைக்கு ஏங்கிக்கிட்டு இருக்காங்க!"

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அட, இதுதானே வழி! மூணு தடவை போட்டுப் பாத்தேன். பக்கத்துல இருந்த அம்மா, "காதுல மாட்டிக் கேளு புள்ள"ன்னு சொல்ற வரைக்கும் பாத்தேன்.

மறுநாளே தோட்டத்துக்குக் கெளம்பிட்டேன். உண்மை எடுக்க!

பொம்பளைங்க கொழுந்து எடுக்கிறதை நிப்பாட்டிட்டு ரோட்டோரமா தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல பாக்கியக்கா. அந்த டிவிஷன்லயே பெரிய வாயி. அவங்க பேசினா அடுத்த மலையில கேக்கும்.

"அக்கா, கண்டாக்கு ஐயாவைப் பத்தி உண்மையா நாலு விசயம் சொல்லுங்க. மடல்ல போடணும்."

"உண்மையாவா?" பாக்கியக்கா வெத்தலையை ஒதுக்கிட்டு நிமிந்து உக்காந்தாங்க. "ஐயாவுக்கு ரத்தம் குடிக்கிற அட்டைன்னா பயத்துல உசுரு போயிரும் புள்ள."

"பெறகு எப்படி மலைக்குள்ள எறங்கி வேலை பாப்பாரு?"

"யாரு எறங்கினா? ரோட்டுலயே பைக்கை நிப்பாட்டி, 'பாக்கியம், எல்லாம் சரியா நடக்குதா?'ம்பாரு. நாங்க 'ஆமாங்கய்யா'ம்போம். 'சரி'ன்னு போயிருவாரு. நம்புறாரு புள்ள! இந்தக் காலத்துல யாரு யாரை நம்புறா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுதிக்கிட்டேன்.

"ஹார்னைச் சொல்லுங்கக்கா!"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல்.

"ஆங், ஹார்னு! தொரை ஜீப்பு கீழ வளைவுல திரும்பிச்சுன்னா போதும், ஐயா பைக்குல ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சிருவாரு. குந்தியிருக்கவ எல்லாம் எந்திரிச்சிருவோம். தொரை வரும்போது பாத்தா, ஆகா, என்னா வேலை!"

அப்பறம் வெறகு கதை. தோட்டத்து மரத்துல களவா வெட்டின வெறகைத் தலையில வச்சு யாராவது எதிர்ல வந்தா ஐயா வானத்தைப் பாப்பாராம். மழை வருமான்னு. வெயில் அடிச்சாலும் மழை வருமான்னுதான் பாப்பாராம்.

கடைசியா ஒரு சின்ன வயசுப் பொம்பளை, அதுவரைக்கும் வாயே தொறக்காதவங்க, மெதுவா சொன்னாங்க.

"என் மவனுக்கு காய்ச்சல்னு பாதியிலயே ஓடினேங்க. கொழுந்து கிலோ வரல. அரைப்பேரு போட்டு அரைச் சம்பளம்தான் கொடுக்கணும். ஐயா முழுப்பேரு போட்டுட்டாரு. கேட்டதுக்கு, 'புள்ள எப்படி இருக்கான்?'னு மட்டும் கேட்டாரு."

எழுதுறதையே நிப்பாட்டிட்டேன். நெசமாத்தான். ஒரு மனுசன் இப்படி ஒரு வேலையைப் பாத்துக்கிட்டு யாருக்கும் தெரியாம ரிட்டயர் ஆகப் போறாரே! அலைகடலாம், பனைமரமாம்!

"அக்கா, இதையெல்லாம் எழுதலாந்தானே?"

"எழுது புள்ள! ஊருக்கே தெரிஞ்ச விசயம்தானே!"

ஊருக்கே தெரியும். தொரைக்குத்தான் தெரியாது. இந்தச் சின்ன வித்தியாசத்தை அந்த நேரத்துல நானும் கவனிக்கல, பாக்கியக்காவும் கவனிக்கல.

அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. தோட்டத்து மேடையில தொரை முன்னால உக்காந்திருப்பாரு. ஆனா அவரு சிங்களவரு. தமிழ்ல என்னா சொன்னாலும், ஒபிஸ் கிளாக்கர் சிங்களத்துல சொல்ற நல்லதை மட்டும் கேட்டு சிரிச்ச முகமா இருந்துட்டு, எல்லாரும் கை தட்டினா அவரும் தட்டுவாரு. அவரு இருக்கும்போதே அவரைத் திட்டிப் பேசி, அதுக்கு அவரே கை தட்டினதும் உண்டு. அந்தத் தைரியத்துலதான் எங்க மேடையே ஓடுது.

கெளம்பும்போது பாக்கியக்கா இன்னொண்ணும் சொன்னாங்க.

"நல்லா எழுது புள்ள. ஐயா மகளுக்கு ஏ.எல். பரீட்சை வருது. ரிட்டயர் ஆனா தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ் வீட்டை விட்டுப் போயிரணுமாம். பரீட்சை முடியிற வரைக்கும் இருக்க விடுங்கன்னு தொரைகிட்ட கேட்டிருக்காரு. தொரை, 'விழாவுக்கு வந்து சொல்றேன்'னு சொல்லியிருக்காராம். மடலைக் கேட்டு மனசு எளகணும்!"

"எளக வச்சிருவோம் அக்கா!"

இந்த வாக்கை நான் எந்த வாயால சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

விழா கோயில் மண்டபத்துல. வெளிய மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. மேடையில நடுவுல தொரை, கழுத்துல மாலை. ஒரு பக்கம் கண்டாக்கு ஐயா, புது சேட்டு, புதுத் துணி மடிப்புக் கூட கலையல. முன் வரிசையில அவரு சம்சாரமும் மகளும். அந்தப் புள்ள கையில விழாவுக்கும் ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்திருந்துச்சு. கேமராவோட மோகன் அண்ணன். என்னைப் பாத்து கட்டை விரலைக் காட்டினாரு. எனக்குக் காட்டினாரா, ஏஐக்குக் காட்டினாரான்னு தெரியல.

முதல்ல ஒபிஸ் மடல். கிளாக்கர்தான் வாசிச்சாரு. ஒவ்வொரு பாட்டா வாசிச்சு, தொரை பக்கம் குனிஞ்சு சிங்களத்துல விளக்கமும் சொல்லணும். அது வழக்கம்.

"அலைகடல் ஓய்ந்தாலும் ஓயாத உழைப்பே!
கலங்கிய மாலுமிக்குக் கலங்கரை விளக்கே!"

தொரை கிளாக்கரைப் பாத்தாரு. கிளாக்கர் கொஞ்சம் முழிச்சாரு. அப்பறம் குனிஞ்சு, "ஹொந்த மினிஹெக், சேர்"னாரு. நல்ல மனுசனாம்.

"பனைமர நிழல் போலப் பரந்த உன் நெஞ்சம்!
பாலைவனப் பயணிக்குப் பசுஞ்சோலை மஞ்சம்!"

கிளாக்கர் திரும்பவும் குனிஞ்சாரு. "ஹொந்த மினிஹெக், சேர்."

"முத்துக்குளிப்போர் தேடும் மூழ்காத முத்தே!"

"ஹொந்த மினிஹெக், சேர்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல. செத்துச்சு ஏஐ! இப்ப கூட்டம் சிரிக்கப் போகுது, கூவப் போகுதுன்னு திரும்பிப் பாக்குறேன்.

கைதட்டல்! மண்டபத் தகரம் அதிருது!

பாக்கியக்கா முந்தானையால கண்ணைத் தொடைக்கிறாங்க.

"என்னா தமிழு புள்ள!" அப்படின்னாங்க என்கிட்ட. "ஒண்ணுமே விளங்கல!"

போச்சுடா. ஆனா நான் விடல. நம்ம கையில உண்மை இருக்குல்ல!

அடுத்து என்னைக் கூப்பிட்டாங்க. மைக்கைப் புடிச்சேன். தொண்டையைச் செருமினேன். ஆரம்பிச்சேன்.

"அட்டை ஏறும் என்று அஞ்சி ரோட்டிலே நின்றாலும்
நாங்கள் சொன்ன கணக்கையெல்லாம் நம்பிய நல்லவரே!"

கூட்டத்துல சட்டுனு ஒரு சிரிப்பு. ஆகா, எடுபடுது! கிளாக்கர் தொரை பக்கம் குனிஞ்சாரு. தொரை கையை நீட்டி அவரைத் தடுத்தாரு.

"வேணாம். இது எனக்கு விளங்குது."

அங்கதான் என் விதி மாறிச்சு. தொரைக்குத் தமிழ் தெரியாதுன்னு யாரு சொன்னா? கடல், மாலுமி, முத்து, இதெல்லாம்தான் தெரியாது. அட்டை தெரியும். கொழுந்து தெரியும். வெறகு, பேரு, ஜீப்பு, ஹார்னு, எல்லாம் தெரியும். தெனமும் தோட்டத்துல அவரு பேசுற தமிழே அதுதான். நான் எழுதின மடல்ல இருந்தது பூராவும் அந்தத் தமிழ்தான்!

இது எனக்கு அப்ப விளங்கல. தொரை முன்னால சாஞ்சு உக்காந்து கேக்கிறதைப் பாத்து, ரசிக்கிறாருன்னு நெனச்சு, குரலை இன்னும் ஒசத்தினேன்.

"வெட்டிய விறகோடு நாங்கள் வீடு போகும் நேரத்தில்
வானத்தில் மழை தேடி வழிவிட்ட பெருந்தகையே!"

சிரிப்பு நின்னுருச்சு. பாக்கியக்கா எனக்குக் கையைக் காட்டினாங்க. போதும், போதும்னு. நான் அதை, இன்னும் இன்னும்னு எடுத்துக்கிட்டேன்.

"கிலோ குறைந்து நின்றபோதும் அரைப்பேரு போடாமல்
முழுப்பேரு போட்டுவிட்ட முத்தான மனசுக்காரரே!"

மோகன் அண்ணன் கேமராவைக் கீழ எறக்கிட்டாரு. கண்டாக்கு ஐயா பொன்னாடையை எடுத்து நெத்தியைத் தொடச்சாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மண்டபத்துல ஒரு சத்தம் இல்லைங்கிறது மட்டும்தான். உண்மைக்கு இருக்கிற சக்தின்னா இதுதான்டான்னு நெனச்சுக்கிட்டு, கடைசிப் பாட்டை நிறுத்தி நிதானமா வாசிச்சேன்.

"தொரை ஜீப்பு வரும்போது தூரத்தில் ஹார்ன் அடித்து
குந்தியிருந்த எங்களையெல்லாம் குறிப்பறிந்து எழுப்பியவரே!
நீர் வாழ்க!"

ஒருத்தரும் கை தட்டல.

தொரை எந்திரிச்சாரு. மைக்கை என் கையிலேருந்து வாங்கினாரு. ரொம்ப மெதுவா, கண்டாக்கு ஐயா பக்கம் திரும்பினாரு.

"கண்டாக்கு. அந்த ஹார்ன்."

"சேர்..."

"அது எனக்கு குட் மோர்னிங் சொல்றது இல்லயா?"

மனுசன் குரல்ல கோவம் கொஞ்சம்தான். வருத்தம்தான் நெறைய. இத்தனை வருசமா ஜீப்புக்குள்ள இருந்து பதிலுக்கு கை காட்டிக்கிட்டே போயிருக்காரு பாவம்!

கண்டாக்கு ஐயா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு மகள் புத்தகத்தை மூடிட்டு என்னையே பாக்குது. எனக்கு நிக்கிற எடத்துலயே பொதைஞ்சுறலாம் போல இருந்துச்சு. ஒரு மனுசனுக்கு நல்லது செய்யப் போய், அவரு இருந்த வீட்டுக் கூரையை நானே பிரிச்சுட்டேனே! ஓடராவது மண்ணாவது!

அப்ப பின்னாலேருந்து ஒரு குரல். அடுத்த மலையில கேக்கிற குரல்.

"தொரை! அம்புட்டும் பொய்யி!"

பாக்கியக்கா எந்திரிச்சு நிக்கிறாங்க.

"அது இந்தப் புள்ள எழுதினது இல்லீங்க தொரை! கொம்பியூட்டர் எழுதினது! ஏஐயாம், ஏஐ! அது வாய்க்கு வந்ததை எழுதுமாம்!"

நான் ஆன்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். வரிசையா எல்லாரும் எந்திரிக்கிறாங்க.

"ஆமாங்க தொரை! ஹார்னாவது ஒண்ணாவது! ஐயா பைக்குல ஹார்னே வேலை செய்யாது!"

"நாங்க எப்பங்க குந்தியிருந்தோம்?"

"வெறகா? எங்க வீட்டுல காஸ் அடுப்பு தொரை!"

முழுப்பேரு கதையை எனக்குச் சொன்ன அதே பொம்பளை, "எனக்கு எப்பவும் அரைப்பேருதாங்க தொரை போடுவாரு, பொல்லாத மனுசன்!"னு சொல்லிச்சு. சொல்லும்போது அதுக்கு அழுகை வந்துருச்சு.

தொரை என்னைப் பாத்தாரு.

"இது நீ எழுதினதா?"

யோசிச்சுப் பாருங்க. நான் அந்த மேடைக்கு வந்ததே, இது மனுசி எழுதினதுன்னு காட்டத்தான். மோகன் அண்ணன் கேமராவைத் திரும்பத் தூக்கிட்டாரு. சிவப்பு லைட்டு எரியுது. எதிர்ல அந்தப் புள்ள முகம்.

"இல்ல சேர்," அப்படின்னேன் மைக்குல. "நான் எழுதல. ஏஐதான் எழுதிச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா சேர். எனக்கு இப்படியெல்லாம் எழுதவே வராது."

தொரை தலையை ஆட்டினாரு. அப்பறம் பெருமூச்சு விட்டுச் சிரிச்சாரு.

"ஹெட் ஒபிஸ்ல இருந்தும் இப்ப ஏஐ ரிப்போர்ட்தான் வருது. அதும் இப்படித்தான். தோட்டத்துல நடக்காதது எல்லாம் நடந்த மாதிரி எழுதுது."

"அதானே தொரை!"ன்னு மொத்த டிவிஷனும் ஒத்து ஊதிச்சு.

"அப்ப முந்தி வாசிச்சது? அந்த விளங்காத பாட்டு?"

கிளாக்கர் அந்த இடத்துல தப்பிக்கப் பாத்தாரு. "அது கையால எழுதினது சேர். மனுசர் எழுதினது."

"யாரு?"

மண்டபமே முழிச்சுது. மோகன் அண்ணன் கேமராவுக்குப் பின்னாலேருந்தே சொன்னாரு, கொஞ்சமும் கூசாம.

"இந்தத் தங்கச்சிதான் சேர்!"

தொரை என் பக்கம் திரும்பி ரெண்டு கையையும் கூப்பினாரு. "ரொம்ப நல்லம்! எனக்கு ஒண்ணும் விளங்கல. ரொம்ப பெரிய தமிழ்! மனுசர் எழுதினா அதுதான் வித்தியாசம். இல்லயா?"

"ஆமா சேர்," அப்படின்னேன்.

அவருக்குப் போட்ட மாலையைக் கழட்டி என் கழுத்துல போட்டாரு. கைதட்டல்! பனைமரத்துக்கும் பாலைவனத்துக்கும் நான் மாலை வாங்கிக்கிட்டு நிக்கிறேன். என் மானம், சூடு, சொரணை எல்லாத்தையும் அந்த மாலைக்குள்ள வச்சுக் கட்டின மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் தொரை முக்கியமான விசயத்தைச் சொன்னாரு. "கண்டாக்கு, மகள் பரீட்சை முடியட்டும். அதுக்குப் பெறகு வீடு விட்டா போதும்."

அந்தப் புள்ள ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கிச்சு. நானும் அழுதேன். எல்லாரும் நான் மாலை விழுந்த சந்தோசத்துல அழுறேன்னு நெனச்சாங்க.

வடைக்கு நிக்காம பஸ் ஹோல்ட்டுக்கு ஓடி வந்துட்டேன். அந்த ஹெட்போன் தம்பியை நாலு வார்த்தை திட்டி கமெண்ட் போடலாம்னு வீடியோவைத் தொறந்தா, கீழ சின்ன எழுத்துல கெடக்கு. இந்தக் காணொளியும் குரலும் ஏஐ மூலம் உருவாக்கப்பட்டவை.

யாரைத் திட்ட?

அப்பதான் பின்னால ஒரு பைக்கு வந்து நின்னுச்சு. கண்டாக்கு ஐயா. பொன்னாடை இன்னும் கழுத்துலதான் இருக்கு. பையிலேருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து நீட்டினாரு. வடை.

"ஐயா, மன்னிச்சிருங்க. உங்க வீட்டையே இல்லாம ஆக்கப் பாத்தேன்."

"விடு புள்ள." பொட்டலத்தை என் கையில வச்சாரு. "நான் செஞ்சதை இத்தனை பேரு மனசுல வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் உண்மைதான் எழுதியிருக்க."

நான் வடைப் பொட்டலத்தைப் பிரிச்சேன்.

"அட்டையை மட்டும் விட்டிருக்கலாம்," அப்படின்னாரு.

கடல் பாட்டை ஹோல்ல மாட்டப் போறாராம். என்னோடதை அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம். தொரை வீட்டுக்கு வந்தாலும் அலுமாரியைத் தொறக்க மாட்டாரு பாருங்க.

சரி, கதை முடிஞ்சுது, துணிக்கடையில வேலை கேக்கலாம்னு நான் இருக்கும்போது மோகன் அண்ணன்கிட்டேருந்து போன்.

"தங்கச்சி, கடைக்கு வாங்க! வீடியோவைப் போட்டேன். கேட்டு ஆளு வருது!"

"கடல் பாட்டு வேணுமாமா?"

"அதை யாரு கேக்கிறா? அது எல்லார் போன்லயும் இருக்கு. கண்டாக்கு ஐயா ஏஐதான் வேணுமாம்!"

போய்ப் பாத்தா மெய்தான். டயகமவிலேருந்து ஒரு அக்கா வந்திருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணமாம்.

"மத்த ஏஐ எல்லாம் கடலு, கப்பலுன்னு ஒளறுதுங்க. இந்த ஏஐக்குத்தான் தோட்டம் தெரியுது. எங்க மச்சானைப் பத்தி உள்ளதை உள்ளபடி எழுதணும். ஆனா ஏஐ எழுதினதுன்னு கீழ பெருசா போட்டுருங்க. சண்டை வந்தா அது தலையில போட்டுக்கலாம்!"

விளங்குச்சா? ஜனங்க உண்மைக்கு ஏங்குறாங்கன்னு அந்தத் தம்பி சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னதுக்கு அடி வாங்க ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான். நான் எழுதுறேன், அது வாங்கிக்குது.

இப்ப கடை வாசல்ல போர்டு தொங்குது. ஏஐ வாழ்த்து மடல் எழுதித் தரப்படும். உள்ள, லெமினேட்டிங் மெசினுக்குப் பின்னால ஸ்டூல் போட்டு நான் உக்காந்திருக்கேன். இதையெல்லாம் இங்க எழுதுறியே, தொரை பாத்தா என்னா பண்ணுவன்னு கேப்பீங்க. தொரைக்கு விளங்காதுங்கிற அதே தைரியம்தான். பாப்போம்.

முந்தாநாள் மஸ்கெலியாவிலேருந்து ஒரு தம்பி வந்தாரு. அவங்க மாஸ்டர் ரிட்டயர் ஆகுறாராம். விவரம் எல்லாம் சொல்லிட்டு கேட்டாரு.

"எப்ப அண்ணே கெடைக்கும்?"

"நாலு நாள் ஆகும் தம்பி," அப்படின்னாரு மோகன் அண்ணன்.

"ஏஐக்கு நாலு நாளா?"

மோகன் அண்ணன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, முகத்துல ஒரு சிரிப்பு இல்லாம சொன்னாரு.

"இது நம்ம ஊரு மாடல் தம்பி. பீலியில தண்ணி புடிச்சு, சோறாக்கி, புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுத்தான் ஓன் ஆகும்."